லிசியாத்தே சொல்ல மறுத்த கதை

கர்த்தர் தன்னை மாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல லிசியாத்தே எழுந்தால், தென்கடலின் ஹாபாய் தீவுகளில் எந்தச் சபையும் நிமிர்ந்து உட்காரும். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன்தான். ஆனால் கதை சொல்லத் தெரியும். குடித்துவிட்டு வந்து அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியது, சமையல் குடிசை பற்றிக்கொண்டது, கட்டியிருந்த பன்றி கயிற்றோடு வெந்துபோனது, விடிந்ததும் அதைப் பிய்த்துத் தின்றபடி 'யார் வீட்டு விருந்து?' என்று இவன் கேட்டது. அந்த இடத்தில் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கி, அன்றைக்கே கர்த்தர் தன் குடியை வேரோடு பிடுங்கிப் போட்டார் என்பான். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

சிரிக்காதவள் அவன் மனைவி அனசீனி ஒருத்திதான். அந்தக் குடிசைக்குள் ஓடி அவனை வெளியே இழுத்தவள் அவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அவள் இடது கை சுருங்கிக் கிடக்கும். சாட்சியில் அந்தக் கை வராது. கேட்கிறவர்கள் மனம் கனத்துப்போகும், விட்டுவிடு என்று போதகர் மோலித்திகா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

நான்கு வருடம் அப்படி ஓடியது. ஒரு வியாழக்கிழமை அவன் குடித்துவிட்டான். சாவு இல்லை, சண்டை இல்லை. ஓர் எஞ்சின் கிளம்ப மறுத்தது. பக்கத்துக் கொட்டகையில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட ஊறல் வாளியோடு இருந்தது. அவ்வளவுதான் காரணம். அன்று இரவு மரவள்ளித் தோட்டத்தில் கிடந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். அனசீனி வாடையைப் பிடித்தாள். அவனுக்கு வைத்திருந்த மீனை நாய்க்குக் கொட்டினாள்.

“குடிச்சதைக்கூட நான் பொறுத்துக்குவேன். ஞாயித்துக்கிழமை வாலிபர் மாநாட்டுல அந்தக் கதையை மறுபடி சொல்லிச் சிரிக்க வெச்சே, அப்புறம் நான் உன் வீட்டுல இல்லை.”

அவன் போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தன்னைச் சாட்சி சொல்ல எழுப்ப வேண்டாம் என்று கேட்டான். மோலித்திகா கெட்டவர் அல்ல. தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எட்டுத் தீவுகளிலிருந்து வாலிபர்கள் வருகிறார்கள், உன்னைக் காட்டித்தான் அவர்களை அழைத்திருக்கிறோம், இந்த ஒரு தடவை எப்போதும்போல் சொல்லிவிடு, மற்றதை மாநாடு முடிந்து பார்க்கலாம் என்றார்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா, ஐயா?”

“நடந்ததைத்தானே சொல்லப்போறே, தம்பி? பன்னி வெந்தது பொய்யா?”

லிசியாத்தே தோட்டத்துக்குப் போனான். கத்தியை மரவள்ளித் தண்டில் போட்டு வெட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தான். உடம்பில் தைத்த முள்ளை எடுத்துப் போடும் என்று மூன்று தடவை கெஞ்சிய வேதாகமத்து அப்போஸ்தலனுக்கே நீர் எடுக்கவில்லை. எனக்கு மட்டும் எடுத்துவிட்டதாக ஊர் ஊராகச் சொன்னேனே, நீர் ஏன் என் வாயை அடைக்கவில்லை என்று கத்தினான். வேரோடு பிடுங்கிய நாள் என்று ஒன்று கிடையாது. தினமும் காலையில் பட்டறைக்குப் போகும் வழியில், இன்றைக்கு ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று பிச்சை கேட்டுத்தான் நான்கு வருடம் நடந்திருக்கிறான். அந்தப் பிச்சையை அவன் எந்தச் சபையிலும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். தீவு வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு லிசியாத்தே எழுந்தான். வாய் பழகிய வழியிலேயே போயிற்று. மண்ணெண்ணெய், குடிசை, தீ. பன்றி என்று சொல்வதற்கு முன்பே முன்வரிசை சிரிக்கத் தொடங்கியது. அந்தச் சிரிப்பு அவனுக்குள் நெருப்பு வைத்தது.

“சிரிக்காதீங்க,” என்றான். “அதுல என் பொண்டாட்டி கை வெந்துபோச்சு. அவ அங்கதான் உக்காந்திருக்கா. இத்தனை வருஷம் அவ எதிரிலேயே உங்களைச் சிரிக்க வெச்சேன். வியாழக்கிழமை மறுபடியும் குடிச்சேன்.”

போதகர் பாடகர் குழுவின் பக்கம் கண்ணைக் காட்டினார். பேசுகிறவன் தடுமாறினால் பாட்டெடுத்துக் காப்பாற்றுவது அங்கே வழக்கம். பாடகர் தலைவன் ஃபங்குபோ எழுந்து குரல் கொடுத்தான். சபை முழுவதும் எழுந்து கூரை அதிரப் பாடியது. அதற்குப் பிறகு பேசினவன் உட்கார்ந்துவிட வேண்டும். லிசியாத்தே உட்காரவில்லை. பெஞ்சின் முதுகைப் பற்றிக்கொண்டு, கடைசிச் சரணம்வரை பல்லைக் கடித்து நின்றான். பாட்டு தீர்ந்தது. அவன் அங்கேயேதான் இருந்தான்.

“பாடி முடிச்சாச்சா? நான் ஜெயிச்சவன் இல்லை. என்கிட்ட பலம்னு எதுவும் கிடையாது. தினமும் விழப்போற ஒருத்தனை அவர் பிடிச்சுக்கிட்டே இருந்தார். வியாழக்கிழமை நான் கையை உதறினேன். அவர் உதறலை. எனக்குத் தெரிஞ்ச சாட்சி இதுதான். சிரிக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க.”

ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. சாட்சி சொல்கிறவர்கள் வரிசையிலிருந்து அவன் பெயரை நீக்கியதாக மாநாட்டு விருந்துப் பந்தியிலேயே சொல்லிவிட்டார்கள். அனசீனி வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள், ஓசை கேட்கும்படியாக.

செவ்வாய்க்கிழமை ஃபங்குபோ பட்டறைக்கு வந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது.

“உன்னால ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலைடா. எங்க வீட்டுப் பின்னால ஒரு வாளி ஊறல் இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் பாடிட்டு வந்து அதுலதான் முகத்தைக் கழுவுறேன். நீதான் அதைக் கவுக்கணும்.”

“நான் கிட்டப் போகமாட்டேன். வாசனை பட்டா நானே குடிச்சிடுவேன்.”

“பெருசா அன்னைக்கு நின்னியே?”

“அன்னைக்கு நின்னது என் பலத்துல இல்லைன்னுதானே சொன்னேன். காது இல்லையா உனக்கு?”

பிறகு லிசியாத்தே வீட்டுக்குப் போய் அனசீனியை அழைத்தான். தனக்கு அதைக் கவிழ்க்கத் தெம்பில்லை என்பதை அவளிடம் சொல்ல அவனுக்கு இந்தத் தடவை வெட்கமாக இல்லை.

இரண்டு ஆண்களும் ஃபங்குபோ வீட்டு வேலிக்கு வெளியே, வாசனை எட்டாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நின்றார்கள். லிசியாத்தே ஃபங்குபோவின் தோளைப் பிடித்துக்கொண்டான், தானும் விழாமல் இருக்க. உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது.

“ரெண்டு தடி ஆம்பளைங்க,” என்று அனசீனி உள்ளிருந்து கத்தினாள். “நாளைக்கும் வந்து பார்ப்பேன். புதுசா ஒண்ணு இருந்துதோ, உங்க ரெண்டு பேர் தலையிலயும் கவுப்பேன்.”

“வாங்க, அக்கா,” என்றான் ஃபங்குபோ. “தினமும் வாங்க.”