கரைச் செட் ஊமையான நாள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாளே என் கணவர் கடலுக்குப் போனார். வலை போட்டதும் வீட்டு றேடியோ செட்டில் என்னைக் கூப்பிடுவது அவர் வழக்கம். எங்கள் ஊர் பாலமுனையில் இன்னும் சில வீடுகளில் செட் இருக்கிறது. ஆனால் அவர் போகும் தூரத்துக்கு எங்களுடையது மட்டுந்தான் எட்டும். அதற்காகவே கூரையில் உயரமான அன்டெனாவும் மேசையில் பூஸ்டரும் வைத்தோம்.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்: பின்னேரம் கடும் காற்று, படகுகள் கரைக்குத் திரும்பவேண்டும். செட்டைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தெளிவாக வந்தது.

"வீட்டு செட், கேக்குதா?"

"கேக்குது. காத்து வரப்போகுதாம், உடனே திரும்பி வாங்க!"

"வீட்டு செட், கேக்குதா?"

நாலு தரம் சொன்னேன். மனிதருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது தரம் அவரே ஓய்ந்துவிட்டார்.

ஒருவருக்குக் கேட்காவிட்டால் சத்தத்தைக் கூட்டுவதுதான் என் குணம். பூஸ்டரை முழுதாகத் திருகினேன். கருகல் நாற்றம் அடித்தது. அன்டெனா வயரில் பூட்டியிருந்த மீற்றரைப் பார்த்தேன், முள் சிவப்பில் நின்றது. நாங்கள் அனுப்புவதில் பெரும்பகுதி கடலுக்குப் போகாமல் அன்டெனாவில் முட்டித் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அப்படி நின்றால் பூஸ்டரில் கை வைக்காதீர்கள் என்று செட் பூட்டித் தந்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவருக்கு ஃபோன் எடுத்தேன். சம்மாந்துறையில் கலியாண வீடு, பின்னேரம் வருகிறேன் என்றார். பின்னேரம் வந்து என்ன செய்ய? நானே பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

பூஸ்டரைக் கழற்றி, செட்டை நேரே அன்டெனா வயரில் கொடுத்தேன். முள் சிவப்பை விட்டு அசையவில்லை. ஆக, பூஸ்டரில் பிழை இல்லை. வயரின் இரண்டு முனைகளையும் சுரண்டித் துடைத்தேன். அதே சிவப்பு. மிச்சம் இருந்தது அன்டெனாதான். அடுத்த வீட்டு மதினியைக் கூப்பிட்டு, நான் சொல்லும்போது மட்டும் செட்டின் பேசும் பொத்தானை அமத்தி முள்ளைப் பார்க்கச் சொன்னேன். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"பொம்புள கூரையில ஏறுறதா? விழுந்துடப்போறீங்க!"

"விழுந்தா பாப்பம். நீங்க முள்ளப் பாருங்க."

மேலே போனதும் விஷயம் விளங்கிவிட்டது. அன்டெனாவின் அடியில் விரிந்து நிற்கும் நாலு கம்பிக் கால்களும் பச்சைப் பசேலென்று மினுங்கின. என் வேலைதான். பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், அந்தக் கால்களையும் கழற்றி, திருகும் மரை வரை அடித்து, காய்ந்ததும் அழகாகப் பூட்டியிருந்தேன். இரும்போடு இரும்பு தொடாமல் நடுவில் பெயின்ட் நின்றால் அன்டெனா எப்படி வேலை செய்யும்? என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒவ்வொரு காலாகக் கழற்றி மரையைக் கத்தியால் சுரண்டினேன். இரண்டு கால் பூட்டியதும், அமத்தும்போது தொட்டால் சுடும் என்று கையை எடுத்துக்கொண்டு கத்தினேன்.

"இப்ப அமத்துங்க!"

"முள்ளு கொஞ்சம் இறங்கிட்டு மதினி!"

மூன்றாவது கால் இறுகிக்கிடந்தது. பெருவிரல் கிழிந்தது. விடவில்லை. நாலாவதையும் பூட்டியபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"சிவப்புல இல்ல! அடியில கிடக்கு!"

இறங்கி வந்து பூஸ்டரைத் திரும்பப் பூட்டி, மெதுவாகக் கூட்டினேன். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"கேக்குதா? வீட்டு செட் கதைக்கிறன். காத்து வருதாம்!"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டுந்தான்.

"ஓம், கேக்குது. இவ்வளவு நேரமும் ஏன் கதைக்கல்ல? கோவத்துல செட்ட நிப்பாட்டிட்டாய் எண்டு நினைச்சன்."

பெருநாள் முடிந்த கையோடு கடலா என்று விடியற்காலையில் அவரை நான் ஏசியது உண்மை.

"எனக்குக் கோவம் வந்தா நான் கதைக்காம இரிப்பனா? இப்ப எங்க நிக்கிறீங்க?"

"நல்ல மீனாக் கொண்டுவந்தா உன்ட கோவம் ஆறும் எண்டு இன்னும் கிழக்கால, ஆழ்கடலுக்கு வந்துட்டன்."

செட்டை விட்டுவிட்டு யன்னலால் கிழக்கு வானத்தை எட்டிப் பார்த்தேன்.

"கேக்குதா புள்ள?"

"எனக்கு மீன் வேணாம்," என்றேன். "நீங்க வாங்க."