கெட்டதும் கேட்டதும்

என் கணவர் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவார். மலையாள தேசத்தில் இருக்கும் எங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் இது பெரிய விஷயமே இல்லை. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். கைக்கு வந்த எழுத்தும் அதுதான். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணமான புதிதில் அவர் போனில் அனுப்பும் செய்திகளைப் படிக்கத் திண்டாடிப் போனேன். மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டதே புருஷனுடைய தமிழைப் படிக்கத்தான் என்றால் அலுவலகத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

தொண்டையில் கட்டி வந்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் போனில் ஆர்டர் எடுப்பது அவர் வேலை. மலையாளிக் கடைக்காரர்களிடம் மலையாளம், திருநெல்வேலி வியாபாரிகளிடம் அவர்கள் தமிழ், என்னிடமும் பெண்ணிடமும் அக்ரஹாரத் தமிழ் என்று நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷர். கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை அதில் பேசிவிட்டு, மாவு மில் மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

பிறகு போனில் ஒரு செயலி கிடைத்தது. மலையாளத்தில் தட்டினால் ஓர் ஆண் குரல் வாசிக்கும். கடைக்கு அது போதும். முதலாளியும் நல்லவர், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். சிக்கல் வீட்டில்தான். அவர் தமிழை மலையாள எழுத்தில் தட்டுவார், செயலி அதையும் மலையாளம் என்றே நினைத்துக்கொண்டு செய்தி வாசிக்கிற தோரணையில் இழுத்து இழுத்து வாசிக்கும். பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் தன்னை அறியாமலே அந்தக் குரலுக்கு மலையாளத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். குடை எடுத்துக்கொள் என்று அப்பா தட்டினால், "சரி, ஞான் எடுத்தோளாம்" என்பாள், வாத்தியாரிடம் சொல்வதுபோல மரியாதையாக. ஒருநாள் அவர் என்னிடம் போனை நீட்டினார். "ஆத்துல பேசறச்சே யாரோ பேசறா மாதிரி இருக்கு. வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேசுவதில்லை. தலையை ஆட்டுவார், கையைக் காட்டுவார், முடியாவிட்டால் போனில் தட்டி நீட்டுவார், அவ்வளவுதான். மனுஷருக்குத் தன் தமிழ் வேண்டும். தமிழ்ச் செயலிகளோ தமிழ் எழுத்தைத்தான் படிக்கும். அந்த எழுத்தில் தட்ட அவருக்குக் கை ஓடாது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பேச்சு நிரல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மூலநிரலோடு திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு மலையாள எழுத்தும் தெரியும், தமிழ் உச்சரிப்பும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி: எழுத்து மலையாளமாக இருந்தாலும் தமிழாகவே சொல் என்று விதிகளில் சில வரிகளை மாற்ற வேண்டும். மாற்றினேன். ஆனால் மாற்றிய நிரலை யாரும் தயாராகப் பொட்டலம் கட்டித் தரமாட்டார்கள். நாமே கம்பைல் செய்து, அதாவது மனிதர் எழுதியதை இயந்திரம் ஓட்டுகிற வடிவத்துக்குக் கொண்டுவந்து, வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியில் ஏற்ற வேண்டும்.

நான் ஊர்க்கோடியில் கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். அங்கே இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. நாங்கள் பொத்தானை அழுத்துவோம், நிரல் தயாராகி வரும். அது எப்படி வருகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேச்சு நிரல், ஒலிக்கு ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த துணை நிரல், வேண்டும் என்று கேட்டு நின்றது. அதை இறக்கினேன். அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று, தன்னைக் கட்டுவதற்கு முதலில் ஒரு கருவியைக் கட்டு என்றது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போயின. எனக்கு முன்கோபம் அதிகம். மடிக்கணினியைத் தூக்கி முற்றத்தில் போடாமல் இருந்ததே பெரிது.

கேட்டதையெல்லாம் இறக்கிச் சேர்ப்பதற்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டேன். அதற்குக் kettathu என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டேன். நிரல் என்னிடம் கேட்டது, ஆகவே கேட்டது. வேறு அர்த்தம் எனக்குத் தோன்றவே இல்லை. வாரக் கடைசி தோறும் உட்கார்ந்து அந்த ஃபோல்டரை நிரப்பினேன். கடைசியில் ஒருவழியாகக் கம்பைல் ஆகி, நிரல் பேசவும் செய்தது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை விக்கிற்று. 'வாங்கோ' என்பதை 'வா' என்று சொல்லி நிறுத்தி, மூச்சுத் திணறியதுபோலக் கரகரத்து, 'ங்கோ' என்றது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் மூடி வைத்துவிட்டேன். எங்கே பிசகு என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் திறந்தால் ஃபோல்டரைக் காணோம்.

"ஏன்னா, இதுல ஒரு ஃபோல்டர் இருந்துதே, எங்கே?"

அவர் போனில் தட்டி நீட்டினார். "இடமில்லைன்னு காட்டிண்டே இருந்தது. அதுல கெட்டதுன்னு எழுதியிருந்தது. களஞ்சுட்டேன்." எங்கள் வீட்டில் களைவது என்றால் மலையாளத்தில் போலத் தூக்கி எறிவதுதான். குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தார். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை அவருக்கு. முன்பென்றால், "இந்தக் கெட்டதெல்லாம் என்னத்துக்கு வச்சிண்டிருக்கே" என்று கூடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டிருப்பார், நானும் அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும்.

"அது கெட்டது இல்லை, கேட்டது" என்றேன்.

மலையாளத்தில் நெடில் குறிக்குத் தீர்க்கம் என்று பெயர். போனில் தட்டினார்: "அப்போ தீர்க்கம் போட்டிருக்க வேண்டாமோ?"

"இங்கிலீஷ்ல தீர்க்கத்துக்கு நான் எங்கே போவேன்?"

"மலையாளத்துல எழுதியிருக்கலாமே" என்று தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அதை அழித்துவிட்டார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். பாத்திரங்கள்மேல் அன்றைக்குக் காட்டிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வாரம் நான் என்ன செய்தேன்? நின்ற இடத்தில் எது இல்லை என்று படித்தேன். அது எதற்குள் இருக்கிறது என்று தேடினேன். இறக்கினேன், கட்டினேன், விட்ட இடத்துக்குத் திரும்பினேன். இதில் என் மூளைக்கு என்ன வேலை இருந்தது? இதையே இயந்திரத்திடம் சொன்னால் என்ன? நான் மாற்றிய பேச்சு நிரல் நல்லவேளையாக வேறு ஃபோல்டரில் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தேன். நீ கட்ட வேண்டியதிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேள். அது சொல்லும் ஒவ்வொன்றிடமும் போய் அதே கேள்வியைக் கேள். எதுவுமே வேண்டாம் என்று சொல்கிற ஒன்று கிடைக்கும் வரை இறங்கிக்கொண்டே இரு. பிறகு அங்கிருந்து கட்டிக்கொண்டு மேலே வா. சுருக்கமாக அவ்வளவுதான். எழுதிப் பார்த்தபோது இவ்வளவுதானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு ஓட்டிவிட்டேன். முதல் ஓட்டத்தில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு லைப்ரரிக்கு இன்னொன்று வேண்டும், அந்த இன்னொன்றுக்கு இதுவே வேண்டும். பால் உறைய மோர் வேண்டும், மோருக்கோ தயிர் உறைந்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குவதில்லையா, அதேபோல முதலாவதில் இரண்டாவதைக் கேட்கிற பகுதிகளை விட்டுவிட்டு அரைகுறையாக ஒருமுறை கட்டு, அதை வைத்து இரண்டாவதைக் கட்டு, பிறகு முதலாவதை முழுசாகத் திரும்பக் கட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். மறுபடி ஓட்டினேன்.

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பேச்சு நிரல் என்ற ஒரே பெயரைத்தான் கொடுத்திருந்தேன். அது கிடுகிடுவென்று கீழே இறங்கிப் போய், நான் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு சின்னஞ்சிறிய நிரலில் போய் நின்றது. அதற்கு எதுவும் வேண்டாமாம். அங்கிருந்து கட்ட ஆரம்பித்தது. திரையில் வரிகள் ஓடின. கட்டி முடித்த ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தோள் கொடுத்தது. அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காப்பி நேரம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

ஓடும்போது சில கோப்புகளைத் திறந்து பார்த்தேன். எழுத்துகளை அடையாளம் காண்பதற்கென்றே ஒருவர் உழைத்திருக்கிறார். எண்களை வார்த்தையாக்குவதற்கு இன்னொருவர். ஒலி லைப்ரரியில், ஒரு பழைய ரக மடிக்கணினிக்காக யாரோ ஒருவர் சில வரிகள் சேர்த்து ஒரு குறிப்பும் விட்டிருந்தார். தன்னிடம் அந்த இயந்திரம் இப்போது இல்லை என்றும், ஆனால் இன்னும் அதை வைத்திருப்பதாக யாரோ எழுதியதால் சரிசெய்து வைப்பதாகவும் எழுதியிருந்தார். எங்கள் மடிக்கணினி அந்த ரகம்தான். எந்த ஊர்க்காரரோ, எங்கள் தெருவின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். இவர்களில் ஒருவருக்கும் என் கணவரைத் தெரியாது, ஒருவரை ஒருவர்கூடத் தெரியாமல் இருக்கலாம். அத்தனை பேரும் செய்து வைத்துவிட்டுப் போனது, யாரும் கூப்பிடாமலே வரிசை தப்பாமல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கோயிலில்கூட எனக்கு இப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. கூப்பியே விட்டேன். அவர் சிரித்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டம் முடிந்தது. ஸ்கிரிப்ட் கட்டியவற்றை நான் முன்பு இறக்கியவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டதில் விக்கலுக்குக் காரணமும் அகப்பட்டது. கையால் சேர்த்தபோது ஒரே ஒலி லைப்ரரியின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் நான் இறக்கி வைத்திருக்கிறேன். நிரலின் ஒரு பாதி பழையதோடும் மறுபாதி புதியதோடும் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று இடித்திருக்கின்றன. ஸ்கிரிப்டோ கேட்கிற எல்லோருக்கும் ஒத்துப்போகிற ஒரே பதிப்பைத் தேர்ந்துகொண்டது. அப்படியானால் அந்த ஃபோல்டரில் கெட்டது ஒன்று இருக்கத்தான் செய்தது. இதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. போனில் ஒன்றும் தட்டாமல், சட்டைக் காலரை மட்டும் தூக்கி விட்டுக்கொண்டார்.

அன்று சாயந்திரம் அவர் எதுவும் பேசிப் பார்க்கவில்லை. நான் இரண்டு வாக்கியம் தட்டிக் காட்டினேன். குரல் சீராக வந்தது. அவருடைய பழைய குரல் இல்லை, அதற்கு நான் ஆசைப்படவும் இல்லை. ஆனால் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் யாரோ பேசுவதுபோல இருக்கிறது என்று நினைத்துவிட்டால் இதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் நான் அடுக்களையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். பெண் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"மழை வரும்போல இருக்கு. ரெயின்கோட் எடுத்துக்கோ" என்றது குரல்.

"வேண்டாம்ப்பா. பஸ்ஸுலதானே போறேன்."

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் யார் நனையறது? நேத்திக்கும் தும்மிண்டே இருந்தே. ராத்திரி சரியாச் சாப்பிடவும்..."

"ஐயோ அப்பா, எனக்கு நேரமாச்சு. கார்த்தாலேயே தொணதொணக்காதேப்பா" என்று பாதியிலேயே வெட்டிவிட்டு, அவள் பின்னலை முடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் டிபன் பாக்ஸோடு அடுக்களை வாசற்படியில் நின்றுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. விரல்கள் அவசர அவசரமாகத் தட்டின.

"பாத்தியாடி, நான் தொணதொணக்கறேனாம்."