கதவைத் தொட்டு நுழைந்தவர்

நிலைமின்சாரத்தைப் பக்தி என்று நினைத்த முட்டாள் நான். அதுவும் வேதியியல் சங்கத்தின் சிவகாசிக் கிளைக்குச் செயலாளராக இருந்துகொண்டு.

மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களை எண்ண என் ஒரு கை போதும். அவர்களில் ஒருவர் பட்டாசு ஆலை போர்மேன். நகக்கண்களில் அலுமினியப் பொடி மின்னும். வாசலில் இரும்புக் கதவை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் மைக்கில் சொன்னேன் (ஐந்து பேருக்கு எதற்கு மைக் என்று கேட்காதீர்கள்): "நம்ம கூட்டத்தைக் கும்பிட்டு நுழையிற ஒரே பக்தர் அண்ணாச்சிதான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உடம்புல இருக்குற கரண்ட்ட இறக்கிட்டு வாரேன் சார்," என்றார் அவர். "வெடிமருந்து ஷெட்டுக்குள்ள நுழையிறப்ப செம்புத் தகட்டைத் தொடுவோம். சின்னப் பொறி பட்டாலும் ஷெட்டே போயிரும். அந்தப் பழக்கம்."

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும்தான். இப்போதெல்லாம் கூட்டம் தொடங்கும் முன் நானே அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறேன்.

போன வாரம் திருத்தங்கல் பஸ்ஸில் அவரைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, அடுத்த கூட்டத்துல நீங்கதான் பேசணும். அந்தச் செம்புத் தகட்டைப் பத்தியே பேசுங்க. மைக்கை உங்க கையில கொடுத்திடுறேன்."

அவர் இறங்க எழுந்தார்.

"எங்க ஷெட்ல இதுக்கு யாரும் சிரிக்க மாட்டாக சார்."