முதுகுக்குக் கொஞ்சம் தெற்கே

"தோலை உரிச்சிடுவேன்!" என்று அப்பா மிரட்டாத நாள் கிடையாது. அண்ணன்கள் அந்த மிரட்டலுக்குப் பயந்து ஒழுங்காகப் படித்து உருப்பட்டார்கள். கடைக்குட்டி மட்டும், "எந்தப் பக்கத்திலேர்ந்து ஆரம்பிப்பீங்கப்பா?" என்று கேட்டு இன்னும் இரண்டு சேர்த்து வாங்கிக்கொண்டது. அந்தக் கடைக்குட்டிதான் பிற்காலத்தில் தீக்காய வார்டில் ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டும் டாக்டரானது. ஆஸ்பத்திரியில் அவருக்குத் தோலுரி டாக்டர் என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட்டதில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் வார்டு முழுக்க அதே பேச்சுதான்.

அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு வைத்தியம் என்றால் காத்திருப்பது. வெந்த தோல் தானாகக் கழன்று விழும்வரை மருந்து தடவிக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் சீழ் பிடிக்கும். தப்பித்தவர்களுக்கும் விரல்கள் சுருண்டு கொக்கியாகிவிடும். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார் வார்டுக்குத் தலைவரான பெரிய டாக்டர். "நம்ம வார்டுல பொறுத்தவங்க பூமிக்குள்ளதான் சார் போறாங்க" என்று நம் ஆள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

வெந்ததை உடனே சீவி எறிந்துவிட்டு, அப்போதே நல்ல தோலை வைத்து மூடிவிட வேண்டும் என்பது இவர் கட்சி. கட்சி பிரமாதம், தொண்டர்தான் ஒருவரும் சேரவில்லை. இவர் கத்தி வைத்திருப்பதைப் பார்த்ததும் நோயாளிகள் பெரிய டாக்டர் பக்கம் ஓடினார்கள். அதனால் இவர் உருளைக்கிழங்கில் பழகினார். நீளக் கத்தியால் தோல் சீவி, அதைச் செய்தித்தாள் மேல் விரித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். மனைவி அதன் வழியே வானிலை அறிக்கையைப் படித்துக் காட்ட வேண்டும். தெளிவாகப் படித்துவிட்டால் அன்று வீட்டில் கொண்டாட்டம். அதோடு உருளைக்கிழங்கும்தான், காலையும் மாலையும் அதே.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தது மாமியாருக்கு. அவர் தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். மகள் வீட்டின் முன்னறையில்தான் அவருடைய மிஷின். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில், இவர் தையல் போட்டுப் பழகிய கோழித் தோல் அவர் வாயில் அகப்பட்டது. பல்லிடுக்கிலிருந்து கறுப்பு நூலை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "மாப்பிள்ளை, தையல்ல இடைவெளி ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வினை வந்ததும் உருளைக்கிழங்கால்தான். மாமியார் சட்டைக் காலருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே மகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "நாக்கு செத்துப்போச்சுடி. உன் புருஷன் உரிக்கிற உரியில கிழங்குக்கே தெரியாது, தோல் போச்சுன்னு!" என்று கரண்டியை வீசிக் காட்டிய வேகத்தில் பாத்திரம் சரிந்தது. கொதிக்கிற கஞ்சி வலது புறங்கையில் அப்பிக்கொண்டு வர மறுத்தது.

வார்டில் சேர்த்ததும் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "ஆழமாத்தான் வெந்திருக்கு. காத்திருப்போம்."

"அதுக்குள்ள விரல் மடங்காமப் போயிடும் சார்" என்றார் தோலுரி டாக்டர்.

"போனா என்னய்யா? இந்த வயசுல இவங்களுக்குத் தையல் எதுக்கு? கரண்டி பிடிச்சாப் போதாதா?"

கட்டிலில் கிடந்தவர் காதில் இது விழுந்தது. வலியில் முனகிக்கொண்டிருந்தவர் முனகலை நிறுத்தினார். பெரிய டாக்டரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்பிள்ளை, எடுங்க கத்திய."

இத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்த மனுஷன் இப்போது கத்தியைத் தொடத் தயங்கினார். கிழங்கு வீணானால் குழம்பில் போடலாம். அத்தையின் கை வீணானால், முன்னறையில் அந்த மிஷின் சும்மா கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"எங்கேர்ந்து தோல் எடுப்பீங்க?"

வெளியே தெரியாத, தழும்பு விழுந்தாலும் பாதகமில்லாத, சதைப்பிடிப்பான இடம் ஒன்றை அவர் மனதுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். மாமியாரிடம் அதன் பெயரை எப்படிச் சொல்வது?

"வந்து... வெளிய தெரியாத இடம் அத்தை."

"முதுகா?"

"முதுகுக்குக் கொஞ்சம் தெற்கே."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இடுப்புன்னு சொல்றதுக்கு என்ன கூச்சம்?" என்றார் மாமியார். மயக்க மருந்து வந்து டாக்டரைக் காப்பாற்றியது.

வெந்த தோலை மெல்ல மெல்லச் சீவினார். அடியில் ரத்தம் புள்ளி புள்ளியாகப் பூத்ததும் நிறுத்தினார். உயிருள்ள சதை வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தெற்கே போய், வானிலை அறிக்கை படிக்கிற மெல்லிசில் தோல் எடுத்து வந்து பரப்பினார். ஓரத்தைத் தைக்கும்போது கோழிக் குழம்பு ஞாபகம் வந்தது. இடைவெளியைக் குறைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரிக்கும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒட்டிய தோல் சிவந்திருந்தால் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறமென்றால் எல்லாம் போச்சு. கடைசிச் சுற்றைப் பிரிக்க மனசு வராமல் அவர் நிற்க, "என்ன மாப்பிள்ளை, நானே பிரிக்கட்டுமா?" என்றார் மாமியார். பிரித்தார். இளஞ்சிவப்பு! சந்தோஷத்தில் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். வாரங்கள் போய் விரல் மடங்க ஆரம்பித்ததும் அந்தக் கை செய்த முதல் வேலை, மருமகன் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

ஆனால் அதற்கு முன்பே குட்டு வெளிப்பட்டிருந்தது. குப்புறப் படுத்தே நாளை ஓட்டியவரை நர்ஸ் முதன்முதலாக நாற்காலியில் உட்காரவைத்தபோது, வார்டே அதிர ஓர் அலறல்.

"மாப்பிள்ளை! தெற்கேன்னா இவ்வளவு தெற்கேயா?"

அந்தக் கிள்ளோடு சரி. அதன் பிறகு மருமகனோடு பேச்சு கிடையாது. எல்லாம் மகள் வழியாகத்தான். வீட்டுக்கு வந்து மிஷினைத் தொட்டதும் அந்தக் கை முதலில் தைத்தது, நாற்காலிக்கு ஒரு தடித்த மெத்தை. "உன் புருஷன்கிட்டச் சொல்லு, தையல் நேரா வருதுன்னு" என்றார். மருமகன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

விஷயம் பரவியதும் பெரிய டாக்டர் பத்து டாக்டர்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மாமியாரின் கையைப் பிடித்து விரல்களை மடக்கினார், நீட்டினார். தடவினார். நம்ப முடியாமல் குனிந்து அந்தப் புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

"அடடா, என்ன மிருது! எந்த இடத்துத் தோல்மா இது?"

தோலுரி டாக்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"நல்லா வச்சுப் பாருங்க டாக்டர். அந்தக் கன்னத்துலயும் வச்சுப் பாருங்க. அவசரமில்ல, பொறுத்தார் பூமி ஆள்வார்னு நீங்கதானே சொல்வீங்க" என்றார் மாமியார். பெரிய டாக்டரும் அப்படியே வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் மாமியார் முகம் மலர்ந்து நேராக மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, எந்த இடம்னு சாருக்குக் கூச்சப்படாமச் சொல்லுங்க."

அவர் சொன்னார்.

மறுவாரத்திலிருந்து அந்த வார்டில் காத்திருக்கும் வைத்தியம் நின்றது. பெரிய டாக்டரே முன்னின்று ஊர் ஊராகப் புது முறையைப் பரப்பினார். ஆனால் குணமானவர்களைப் பார்க்கப் போனால் மட்டும், எந்த இடத்துத் தோல் என்று முதலில் கேட்டுக்கொண்டு அப்புறம்தான் தொடுவார்.