ஓய்வெடுத்த பிளேடு

எங்கள் பெரியப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தார். சாண் உயரக் காகிதக் கட்டை ஒரே அழுத்தில் இரண்டாக்கும் கத்தி அது. அதோடு காலம் தள்ளியவர் என்பதால், கூர்மையைப் பற்றித் தனக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே இல்லை என்பது அவர் நினைப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீடுதான் தன் வீடு என்று எங்கள் முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டார்.

"இரும்பு சாகாது, களைச்சுத்தான் போகும். ஓய்வு குடுத்தா தேறிக்கும்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரே சவர பிளேடை மாதக்கணக்கில் ஓட்ட முடியும் என்று கிளம்பிவிட்டார். பழைய ஜீன்ஸ் காலில் அதைப் பின்பக்கமாகத் தேய்ப்பார். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்திச் சுழற்றுவார். எண்ணெயில் முக்குவார். அட்டையில் கூம்பு செய்து, வடக்கு பார்க்க வைத்து, அதற்குள் பிளேடைத் தூங்கப் போடுவார். ஒருமுறை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டு மெக்கானிக் இவர் தலையைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிவார். மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சவரமே செய்துகொள்வதில்லை. சின்ன வயதில் வந்த அம்மை முகத்தைக் குழி குழியாக்கிவிட்டதால், அதை மறைக்க அடர்த்தியாகத் தாடி விட்டிருந்தார். பிளேடு தேறிவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரே பரிசோதனைதான், அதுவும் தொழிலில் பழகியது. மெல்லிய தாளை விரித்துப் பிடித்து பிளேடை இழுப்பார். சத்தமில்லாமல் வெட்டினால் பாஸ். அப்பா அந்த பிளேடுகளைத் தொட்டதே கிடையாது. "அண்ணே, அது அசந்து தூங்குது, எழுப்பாதீங்க" என்று கேலி செய்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருவார்.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. கண் மட்டும் அசைந்தது. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா உடம்பு துடைத்துவிட்டாள். நான் குழாய் வழியாக உணவு கொடுத்தேன். பெரியப்பாவுக்குத் தம்பியைத் தூக்கித் திருப்பத் தெம்பில்லை. தான் எதற்கும் ஆகாதவனாகிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருநாள் கிண்ணத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"சவரம் நான் பாத்துக்கறேன். அது என் டிபார்ட்மென்ட்" என்றார்.

அன்றிலிருந்து தம்பிக்கென்று அவர் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான். தினமும் செய்தார். வெந்நீர்த் துணியால் முகத்தை ஒற்றி, கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழிப்பார். பிளேடு கன்னத்தில் இறங்கியதுமே அப்பாவின் கண்ணில் நீர் திரளும்.

"பாத்தியா? அண்ணன் கை படுதுன்னு எப்படித் தெரியுது பாரு அவனுக்கு!" என்பார் பெரியப்பா. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். பெற்ற மகள் நான் தொட்டால் அப்பாவுக்கு ஒரு சொட்டுக்கூட வருவதில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"தோலு செவந்து கெடக்கு. புது பிளேடு ஒண்ணு போடக் கூடாதா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"சோப்பை மாத்தும்மா. பிளேடுல குத்தமில்ல, தாள்ல போட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டு வர்றேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனும் அப்படித்தான். நல்லா ஓய்வு குடுத்தா எந்திரிச்சிருவான்" என்றார்.

மாதங்கள் ஓடின. ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கண்ணை மூடித் திறந்தால் 'ஆமாம்', மேலே பார்த்தால் 'இல்லை' என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்னைக் காட்டி, "இவங்க உங்க பொண்ணா?" என்றார். அப்பா மூடித் திறந்தார். "வெளியே மழை பெய்யுதா?" வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அப்பா மேலே பார்த்தார். எல்லாம் புரிந்திருக்கிறது, இத்தனை நாளும் உள்ளேயேதான் இருந்திருக்கிறார்! அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. பெரியப்பா நுரைக் கையோடு முந்திக்கொண்டு வந்தார்.

"டேய் தம்பி, நம்ம பிளேடு எப்படிடா? ஜம்முனு இருக்குல்ல?"

அப்பா மேலே பார்த்தார்.

"கொழுப்பப் பாரு! பேச்சு போயும் கிண்டல் போகல!" என்று பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் மட்டும் சிரிக்காமல் அப்பாவின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சவரம் பண்ணும்போது வலிக்குதா?"

மூடித் திறந்தார்.

"இன்னிக்கு மட்டுமா?"

மேலே பார்த்தார்.

"எல்லா நாளுமா?"

மூடித் திறந்தார்.

பெரியப்பா குனிந்தார். "அப்போ நீ அழுததெல்லாம்... வலியிலயாடா?" என்று கேட்டார். அப்பா மூடித் திறந்தார்.

பெரியப்பா குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கையில் அதே பழைய பிளேடு இருந்தது, ஒரு பக்கத் தாடி மட்டும் பிய்ந்து தொங்கியது. அம்மைக் குழிகளிலிருந்து ரத்தம் வழிந்தது. "பேப்பர வெட்டுச்சும்மா" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதரைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அறைய அங்கே இடமில்லை.

மறுநாள் காலை புதிய பிளேடு வாங்கி வந்து, தம்பியின் கண்ணெதிரே உறையைப் பிரித்தார். அப்பா மேலே பார்த்தார். "புதுசுடா, இப்பதான் பிரிச்சேன்." மேலே பார்த்தார். "வலிக்காதுடா, சத்தியமா." கண் கீழே இறங்கவே இல்லை. மாதக்கணக்கில் அடக்கி வைத்ததையெல்லாம் சொல்ல அப்பாவுக்கு வாய்த்த பாஷை அவ்வளவுதான்.

ரேசரை என் கையில் கொடுத்துவிட்டு பெரியப்பா வாசற்படியில் போய் நின்றார். நான் வழித்தேன். அப்பாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை.

"நான் இங்க நின்னுக்கலாமான்னு மட்டும் கேளும்மா" என்றார் பெரியப்பா.

கேட்டேன். அப்பா மேலே பார்த்தார்.

பெரியப்பா சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.