கட்டில் சட்டத்தில் உட்கார்ந்த எஞ்சின்

எதையாவது கழற்றிப் போடாவிட்டால் என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடாது. சர்ச்சிலிருந்து வந்ததும் அரைக்கால் சட்டைக்கு மாறிவிடுவார். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் சுவர்க்கடிகாரம், ரேடியோ, என் தையல் மிஷின் எல்லாமே ஒரு முறையாவது அவர் கையில் பிரிந்து கிடந்தவைதான். பிரித்ததெல்லாம் திரும்பச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர், "உன் சைக்கிளுக்கு எஞ்சின் வைக்கப்போறேன்" என்றபோது, சைக்கிளும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

காரணம் என் வேலை. திருநீர்மலைக்கு அப்பால் இருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். பஸ் போய்ச் சேர்வதற்குள் அங்கே மணி அடித்துவிடும். சைக்கிளில் போகலாம் என்றால் எனக்கு ஈஸ்னோபீலியா. எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போய் இறங்கினால் இரைப்பு அடங்கவே ஒரு பீரியட் ஆகும். "டைமுக்கு வர முடிஞ்சா வாங்க டீச்சர். இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். விட்டுத் தொலை என்றுதான் உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற நேரம்தான் நாளிலேயே பிடித்த நேரம். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

எஞ்சின் எளிதாகக் கிடைத்துவிட்டது. கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒருவர் வயலுக்கு மருந்தடித்துவிட்டு ஓரங்கட்டியிருந்த பெட்ரோல் மிஷினிலிருந்து கழற்றியது. அதைச் சைக்கிளில் எங்கே உட்கார வைப்பது என்பதுதான் தலைவலி. ஆண்கள் சைக்கிள் என்றால் நடுவில் முக்கோணம் இருக்கும். என்னுடையது லேடீஸ் சைக்கிள், நடுவில் ஒன்றும் கிடையாது. கடப்பேரியில் கிரில் கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் எங்களுக்குப் பழக்கம். இவரும் அவரும் சேர்ந்து யோசித்து, எஞ்சின் பின்சீட்டில்தான் என்று முடிவு கட்டினார்கள். அதைத் தாங்குவதற்கு எங்கள் இரும்புக் கட்டிலின் சட்டம் போயிற்று. அன்றிலிருந்து நாங்கள் தரையில் படுத்தோம்.

எஞ்சின் ஒரு உருளையைச் சுழற்றும், உருளை டயரைச் சுழற்றும், அவ்வளவுதான் சங்கதி. அரைக்கால் சட்டையோடு இவர் ஓட்டிப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் ஓட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல். பிறகு நான் ஏறினேன். தெருமுனை தாண்டுவதற்குள் காற்றில் முந்தானை பின்னால் பறந்து சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. கருகல் வாடை வந்துதான் எனக்கே தெரிந்தது. ரோஸ் நிற வாயில் புடவை, கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டா போச்சு" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஒரு புடவையக் கட்டிக்கிட்டு ஓட்டிப் பாருங்க. சொருகினது எவ்வளவு தூரம் நிக்குதுன்னு தெரியும்!"

பாய் தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா சொல்றது நாயம்தான் சார். நாம ரெண்டு பேரும் நம்ம ஒடம்புக்கு வண்டி செஞ்சுகினு கீறோம்."

எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே போயிற்று. ஹேண்டில் கனத்தது, ஆனால் புடவை தப்பித்தது. தப்பித்ததா என்று பார்க்க இவர் என்ன செய்தார் தெரியுமா? அரைக்கால் சட்டைக்கு மேலேயே என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, கடப்பேரித் தெருவில் மீசையோடு ஓட்டினார். டீக்கடையே எழுந்து வெளியே வந்துவிட்டது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. கொசுவம் எங்கே உரசுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அன்றைக்கு அவரைப் பிடித்த மாதிரி அதற்கு முன் பிடித்ததில்லை.

அடுத்த வில்லங்கம் அதிர்வு. எஞ்சின் நடுங்கிய நடுக்கத்தில் வெல்டிங் இரண்டு முறை விரிசல் விட்டது. பாய் தடித்த பட்டை வைத்து மறுபடி பற்றவைத்தார். இவர் என் ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து போல்ட்டை முடுக்கினார். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. கட்டில் போச்சு, புடவை போச்சு, செருப்பும் போச்சு, அடுத்தது என்ன என்று கேட்டேன். "நீ ஸ்கூலுக்குப் போற" என்றார்.

திங்கட்கிழமை போனேன். நாலு மிதி மிதித்து, உருளையைத் தூக்கிப் பிடித்திருந்த கம்பியைத் தளர்த்தி அதை டயர்மேல் இறக்கியதும் வண்டி என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தது, மலைமேல் கோயில் தெரிந்தது, எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பள்ளி கேட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் இன்னும் வரிசையில்கூட நிற்கவில்லை. தலைமையாசிரியை என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இரைக்கலையா டீச்சர்?"

"இல்லீங்க மேடம்" என்றேன். நிஜமாகவே இரைக்கவில்லை.

வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால், கேட்டருகே இவர். இந்நேரம் ஆபீசுக்கு ரயிலேறியிருக்க வேண்டியவர், தன் சைக்கிளில் உயிரைக் கொடுத்து மிதித்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போய்க் குனிந்து, சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"விரிசல் இல்ல."

"இதைப் பார்க்கவா லீவு போட்டுட்டு வந்தீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "நடுவுல உடைஞ்சுதுன்னா உன்னை டபுள்ஸ் வச்சு மிதிச்சிடலாம்னு பின்னாலேயே வந்தேன். மணி அடிக்கிறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடணும்ல."

அப்போதுதான் அவருடைய சைக்கிளைச் சரியாகப் பார்த்தேன். பின்சீட்டில் நான் உட்காரத் தோதாக, ஒரு துண்டை நாலாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.