கடைசி பெஞ்சு காலியாக இருக்காது

கல்யாணத் தரகு வேலையைவிடப் பாவப்பட்ட பிழைப்பு ஒன்று உண்டென்றால், அது மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியர் தேடுவதுதான். தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே இருப்பது அரசு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று மூடப் பார்த்தபோது, பெற்றோர்களே குழு அமைத்து, முறையாக அனுமதி வாங்கி, நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி, கணக்குக்கு ஆளில்லை. ஜூன் திறப்புக்குள் ஒருவர் வராவிட்டால் ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் கிடையாது. பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடந்து வேறு ஊருக்குப் போக வேண்டும். அந்த ஒருவரைப் பிடித்துத் தரும் பொறுப்பைக் குழு என்னிடம் ஒப்படைத்தது. விடுவேனா?

ஊர் போட்ட விதி

குழுத் தலைவி செல்வி, நடவு வேலைக்குப் போகிறவர். குழுவுக்கு ஒரு விதி உண்டு. தினமும் முறைபோட்டு ஒரு தாயோ தகப்பனோ வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். வருகிற ஆசிரியர் மிரண்டுவிடுவாரே, இதைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா என்று போனில் கெஞ்சினேன்.

"எம்புள்ள என்னா படிக்குதுன்னு நான் பாக்கக் கூடாதா மேடம்? வாயத் தொறக்க மாட்டேன், சும்மா பாப்பேன்" என்றார்.

மார்கழி லீவு

முதலில் எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கணக்கில் புலி. உற்சாகமாகத் தலையாட்டினார். பெஞ்சு விஷயத்தைக் காபி குடித்த பிறகு சொல்லலாம் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. காபி கொண்டுவந்த அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"இவர் ரெடிதான். ஆனா மார்கழில கச்சேரி சீசன் வரதே, சாயங்காலமானா இவருக்கு சபாதான். அந்த ஒரு மாசம் ஸ்கூலுக்கு லீவு விடச் சொல்லுங்கோ."

பெருங்குடி இளைஞர்

அடுத்தவர் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். ராஜினாமா எழுதியே வைத்திருந்தார். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போது மெதுவாகப் பெஞ்சு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மேனேஜர் எப்பவும் பின்னாடியே நிக்கிறார்னுதான் மேடம் இந்த வேலையையே விடுறேன்."

அடையாறு ஆட்டோ

மே மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அடையாற்றிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, இன்னொருவரும் போனில் கைவிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து விசாரித்தார். முழுக்கதையையும் கொட்டினேன்.

"ஊரு ஜனமே வந்து குந்திக்கினு பாக்குதா? அத்த இன்னாத்துக்குமா ஒளிக்கிற? மொதல்லயே சொல்லு. பயந்தவன் ஓடிப்பூடுவான், தில்லு கீறவன் நிப்பான்."

சுளீரென்றது. ஊர்மக்கள் பெருமையாக நினைக்கும் ஒன்றை நான் ஏதோ குறைபோல மறைத்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

சாந்தோம் டீச்சர்

மறுநாள் சாந்தோமில், மாதாகோவில் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லித்தந்து ஓய்வுபெற்ற ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். வணக்கம் சொன்ன கையோடு பெஞ்சைப் பற்றித்தான் சொன்னேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழத் தயாரானேன்.

"அவங்க சும்மா உக்காந்திருக்கணுமா, இல்ல, அவங்களுக்கும் சேத்துக் கணக்கு சொல்லித் தரலாமா?" என்றார்.

முதல் வாரம்

பள்ளி திறந்தது; எட்டாம் வகுப்பு வரை திறந்தது. வெள்ளிக்கிழமை செல்வி போன் செய்தார். ஏதோ புகார் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"டீச்சரு எங்களுக்கும் வீட்டுப்பாடம் குடுத்துட்டாங்க மேடம். திங்கக்கிழம எம்மொற இல்ல, ஆனா நான் போவேன். பின்னக் கணக்கு எனக்கு இன்னும் புரியல."

கணக்கு டீச்சரைத் தேடும் வேலை முடிந்தது என்று நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் இடம் போதவில்லையாம், இப்போது பெஞ்சு தேடி அலைகிறேன்.